மடியிற் கனமும் வழியிற் பயமும்

"மடியிலே கனமிருந்தால் வழியிலே பயம்" என்பது நம் முன்னோரின் அநுபவ மொழி. என் பாட்டனார் கதிர்காம யாத்திரைக்குப் புறப்படும்பொழுது வழிச்செலவுப் பணத்தை மூன்று பங்காக்குவாராம். ஒரு பங்கு மடியிலும், ஒரு பங்கு அரிசிப் பொட்டணத்தினுள்ளும், மூன்றாம் பங்கு துணைக்கு வரும் தம்பியாரிடமும் இருக்கும். எந்த நாளிற் புறப்படுகிறோம், எந்த நாளில் திரும்புவோம் என்பதை ஊர்ச் சந்தியில் நின்று உரக்கச் சொல்லவும் மாட்டாராம். என் தகப்பனார் இதனைச் சொல்லும்போதெல்லாம், "பழங்காலத்து மனிதரின் வீண் அச்சம்" என்று நான் எண்ணி நகைத்ததுண்டு. அந்த நகைப்புக்கு உரிய விடையைச் சென்ற சித்திரை விடுமுறையில் திருக்கோணமலை எனக்குத் தந்தது.

மனைவி, பிள்ளைகள் இருவர், பேராதனைப் பல்கலைக்கழகத்திற் கணினிவியல் பயிலும் என் தமக்கையின் மகன், நான் ஆக ஐவர் கூடிய பயணம் அது. எங்கள் பைகளில் உடுபுடவைகளுக்குச் சமமாக மின்கம்பிகளும் இருந்தன. கைத்தொலைபேசிகள் நான்கு, அவற்றுக்கு உயிர் கொடுக்கும் பவர் பாங்க் ஒன்று, சிம் அட்டையை உள்ளே செருகினாற் சென்ற இடமெல்லாம் இணையம் தரும், சவர்க்காரக் கட்டியளவான றவுட்டர் ஒன்று, இவற்றோடு என் மடிக்கணினி. மடிக்கணினி என்ற பெயரிலேயே மடி இருக்கின்றது. அதன் கனம் தராசிலே தெரிவதன்று.

விடுமுறைக்குக் கணினி எதற்கு என்று மனைவி கேட்டாள். கேள்வி நியாயமானதே. ஆயினும் மாணவர் சிலருக்குப் புலமைப்பரிசில் வேண்டி நான் எழுத வேண்டிய பரிந்துரைக் கடிதங்கள் அந்த வாரத்திற்குள் அனுப்பப்பட வேண்டியிருந்தன. அவர்களுள் ஒருவன் தன் குடும்ப நிலையைக் கூறி நான்கு பக்கக் கடிதமொன்றை எனக்கு எழுதித் தந்திருந்தான். "சேர், இது உங்களுக்கு மாத்திரம்" என்று சொல்லித் தந்தான். அதனை நான் படமெடுத்துக் கணினியிற் சேர்த்து வைத்திருந்தேன். அக்கடிதத்தில் என்ன இருந்தது என்பதை இங்கே கூறமாட்டேன். கூறுவேனாயின், இக்கட்டுரையை எழுதும் தகுதியை இழந்தவனாவேன்.

யாழ்ப்பாணத்தில் விடியற்காலை பஸ் ஏறினோம். ஆனையிறவின் உப்புக்காற்று முகத்திலே பட, கிளிநொச்சியையும் மாங்குளத்தையும் கடந்து வவுனியாவை அடைந்து, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகக் கிழக்கே திரும்பினோம். வழியில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. எங்களுக்கு முன் ஆசனத்தில் இருந்த பெரியவர் ஒருவர் தமது வங்கியோடு தொலைபேசியிற் பேசினார். பஸ்ஸின் இரைச்சலை வெல்ல வேண்டித் தமது முழுப்பெயரையும், அடையாள அட்டை இலக்கத்தையும், பிறந்த தேதியையும் உரக்கக் கூறினார். எதிர்முனையில் இருந்தவருக்குக் கேட்டதோ இல்லையோ, பஸ்ஸிலிருந்த ஐம்பது பேருக்கும் நன்கு கேட்டது.

மருமகன் என் பக்கம் சாய்ந்து, "மாமா, அந்த ஐயா குரலாற் செய்வதைத்தான் நாங்கள் குரலில்லாமற் செய்கிறோம்" என்றான்.

"எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, தம்பி? குற்றமற்றவனுக்கு மறைப்பு எதற்கு?" என்று நான் கேட்டேன். வகுப்பறையிலே பல தடவை சொல்லிப் பழகிய வாக்கியம் போல அது என் வாயிலிருந்து வந்தது. அவன் மறுமொழி சொல்லவில்லை.

பட்டினத்தின் கடலோரத்தில் அமைந்த ஒரு சிறு தங்குவிடுதியில் இறங்கினோம். சுவர்கள் பழைய காலத்துத் தடித்த சுவர்கள். எங்கள் றவுட்டருக்கு அவ்வறையினுள்ளே தொடர்பு சரியாகக் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, பயணத்திற் பிள்ளைகள் படம் பார்த்தே அதன் மின்கலத்தைத் தீர்த்திருந்தார்கள். விடுதியின் வரவேற்பு மேசையில் வைபைக் கடவுச்சொல் ஒரு கடதாசித் துண்டில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. வருவோர் போவோர் எல்லாருக்கும் அந்த ஒரே சொல். நான் மடிக்கணினியை அதனோடு இணைத்தேன். இந்த இணைப்பில் உள்ள மற்றைய கணினிகள் உமது கணினியைக் காணலாமா என்ற கருத்தில் ஒரு கேள்வி திரையில் எழுந்தது. அவசரத்தில் "ஆம்" என்று அழுத்தினேன்.

மாலையில் விறாந்தையிலே தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலே தங்கியிருந்த இளைஞர் ஒருவர் தயக்கத்தோடு அருகே வந்தார்.

"மன்னிக்க வேண்டும் சேர். நீங்கள் யாழ்ப்பாணத்திற் படிப்பிக்கிறவரா?"

"ஆம், எப்படித் தெரியும்?" என்று வியப்போடு வினவினேன்.

அவர் தமது கணினியை என் முன்னே திருப்பினார். நண்பருக்கு ஒரு திரைப்படத்தை அனுப்புவதற்காக இணைப்பிலுள்ள கணினிகளின் பட்டியலைத் திறந்திருக்கிறார். அதிலே என் பெயர், பட்டத்தோடு, துலக்கமாக நின்றது. என் கணினிக்கு நான் வைத்த பெயர் என் பெயரே. அதன் கீழே "பரிந்துரைக் கடிதங்கள்" என்ற கோப்புறை இருந்தது. அதனுள்ளே மாணவர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

நடந்தது இதுதான். கல்லூரியில் ஆசிரியர்கள் தமக்குள் வினாத்தாள்களைப் பரிமாறிக்கொள்வதற்காக அந்தக் கோப்புறையைக் கடவுச்சொல் இல்லாமலே பொதுவில் திறந்து வைத்திருந்தேன். பின்னர் அதற்குள்ளேயே கடிதங்களையும் சேர்த்துவிட்டேன். ஒரு விருந்தினரின் கருவி மற்றவரின் கருவியைக் காணாதபடி தடுக்கும் வசதி றவுட்டர்களில் உண்டு. அந்த விடுதியில் அதனை எவரும் செய்து வைக்கவில்லை. ஆயினும் விடுதியைக் குறைகூற எனக்கு வாயில்லை. யாழ்ப்பாணத்துக் கிடுகுவேலிக்குள்ளே வளர்ந்தவன் நான். வேலியில் ஒரு பொட்டு விழுந்தால் அன்றைக்கே அடைக்கும் வழக்கமுள்ள ஊரிலே பிறந்து, என் வேலியிலே நானே பொட்டு வைத்து, பிள்ளையொருவனின் துயரத்தை அதனருகே கிடத்தியிருந்தேன்.

"நான் ஒன்றையும் திறக்கவில்லை சேர், பெயர்களைக் கண்டவுடன் உங்களிடம் வந்துவிட்டேன்" என்றார் அவ்விளைஞர். அவர் முகத்தைப் பார்த்தேன், நம்பினேன். ஆனால் விடுதியில் அன்று வேறும் பலர் தங்கியிருந்தனர். மூன்று மணி நேரம் அந்தக் கோப்புறை திறந்தே கிடந்தது. அவர்களுள் யார் பார்த்தார், யார் பாராது விட்டார் என்பதை அறிய வழியில்லை. அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாட் காலை கோணேசர் ஆலயத்துக்குச் சென்றோம். பிரெடெரிக் கோட்டை வாயிலைக் கடந்து மேலே ஏறும் பாதையில் மான்கள் அச்சமின்றித் திரிகின்றன. திருஞானசம்பந்தர் பாடிப் பரவிய தலம் இது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து, கோட்டை கட்டினர். 1963இல் புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. தரிசனம் முடித்து, திருநீறு தரித்து, இராவணன் வெட்டின் அருகே நின்று கீழே நோக்கினோம். செங்குத்தான பாறையின் அடியிலே கடல் கருநீலமாகப் புரண்டுகொண்டிருந்தது. ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் 1956இல் இக்கடலினுள் மூழ்கிப் பழைய ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டனர். வான்வெளியிலே செயற்கைக் கோள்களை நிறுத்தி உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியவர் அக்கிளார்க்கே. அவர் மூழ்கிய கடலைப் பார்த்தபடி நான் மருமகனிடம் பாடம் கேட்கத் தொடங்கினேன்.

"காற்றிலே போகும் செய்தி எல்லாருக்கும் பொது, மாமா. முதலில் அதைத்தான் மனத்தில் வைக்க வேண்டும்" என்று அவன் தொடங்கினான்.

அதற்கு அந்த ஊரே சாட்சி என்பது எனக்கு நினைவு வந்தது. 1942 ஏப்பிரல் 5ஆம் தேதி கொழும்பையும் 9ஆம் தேதி திருக்கோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அத்தாக்குதல் வரவிருப்பதைப் பிரித்தானியர் முன்னரே அறிந்திருந்தனர். கொழும்பிலே இருந்த கடற்படை நிலையத்தினர் ஜப்பானியரின் வானொலிச் செய்திகளை இடைமறித்துக் கேட்டதே காரணம். பேரரசொன்றின் படைகளுக்கே நேர்ந்த கதி இதுவானால், கடதாசித் துண்டிற் கடவுச்சொல் ஒட்டிய விடுதியிலே என் கதி யாது?

அவன் சொன்னவற்றை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படுமாறு தொகுத்துத் தருகிறேன்.

விடுதியின் வைபை ஒரு பங்குக் கிணறு. எல்லாருடைய வாளியும் அதனுள்ளே இறங்கும். 2010இல் எரிக் பட்லர் என்ற அமெரிக்கர் ஒரு சிறு கருவியை வெளியிட்டு, ஒரே வைபையில் இருக்கும் ஒருவர் மற்றவரின் பேஸ்புக் கணக்கினுள் எவ்வளவு இலகுவாக நுழையலாம் என்பதை உலகுக்குக் காட்டினார். அதன்பின் பெரும்பாலான இணையத்தளங்கள் செய்தியைப் பூட்டி அனுப்பத் தொடங்கின. ஆகவே இன்று நம் கடிதத்தின் உள்ளடக்கத்தை வழியிலே படிப்பது எளிதன்று. ஆயினும் எந்தெந்த வாசலுக்குப் போகிறோம் என்பதை இணைப்பை நடத்துபவர் பெரும்பாலும் அறியலாம். அன்றியும், ஆசியாவின் பெரிய ஹோட்டல்களிலே தங்கிய வணிகர்களைக் குறிவைத்த கூட்டமொன்றைப் பற்றி 2014இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளிப்படுத்தியது. ஹோட்டல் இணைப்பிற் சேர்ந்தவுடன், "இந்த மென்பொருளைப் புதுப்பியுங்கள்" என்று பொய்யாகக் கேட்டு நச்சு நிரலை உள்ளே புகுத்தினார்கள். ஆகவே பயணத்தின்போது அந்நிய இணைப்பிலே தோன்றும் அத்தகைய வேண்டுகோளுக்கு இணங்கலாகாது. புதுப்பிக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

சொந்த றவுட்டரைக் கொண்டுசெல்வது சொந்தக் கிணறு போன்றது. ஆனால் அதற்கும் கட்டு வேண்டும். கடையிலிருந்து வந்தபோது அதனுடன் இருந்த கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். இணைப்புக்கு ஒன்று, றவுட்டரின் அமைப்புக்குள் நுழைய மற்றொன்று என அவை இரண்டு. பலர் முதலாவதை மாத்திரம் மாற்றி இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். அதற்குக் குடும்பப் பெயரையோ ஊர்ப் பெயரையோ வைத்தலாகாது. அப்பெயர் சுவரையும் கடந்து அயலாருக்குத் தெரியும். கணினிக்கும் அவ்விதியே. இவ்வளவு செய்தும், தொலைபேசிக் கம்பெனியின் கண்ணுக்கு நாம் மறைந்துவிடுவதில்லை. சிம் அட்டை நம் பெயரிலே பதியப்பட்டது. எந்தக் கோபுரத்தின் அருகே நிற்கிறோம் என்பதை அது அறிவித்துக்கொண்டே இருக்கும்.

வி.பி.என். என்பது கூடாரவண்டி போன்றது. உள்ளே இருப்பவரைத் தெருவிலே நிற்பவர் காணார். வண்டிக்காரனோ போகுமிடத்தை அறிவான். நம் நாட்டில் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டக் கலவரத்தின் பின்னும், 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்பிரலிலும் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டபோது, பலரும் கைக்கு எட்டிய இலவச வண்டியில் ஏறினர். நானும் ஏறினேன். வண்டிக்காரன் யாரென்று கேட்கவில்லை. 2016இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்து ஆய்வாளர்களும் மற்றும் சிலரும் அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கான இத்தகைய செயலிகள் 283ஐ ஆராய்ந்தனர். அவற்றுள் 18 வீதமானவை செய்தியைப் பூட்டவேயில்லை. 38 வீதமானவற்றில் நச்சு நிரலின் அடையாளம் காணப்பட்டது. கூடாரமே இல்லாத வண்டிக்குக் கூடாரவண்டி என்று பெயர் எழுதியிருந்தார்கள் போலும்! நம்பத்தக்க நிறுவனத்துக்குப் பணம் செலுத்திப் பெறுதல் நன்று. அதற்கு வசதியில்லையேல், சொந்த சிம் இணைப்போடு நிற்பது இலவச வண்டியில் ஏறுவதிலும் மேலானது.

எல்லாவற்றிலும் முதன்மையானது, கொண்டுபோகாமை. "மாமா, பயணத்துக்குத் தேவையில்லாத நகையை மாமி வீட்டிலே வைத்துவிட்டுத்தானே வந்தார்கள்? கோப்புகளும் அப்படித்தான்" என்றான். கொண்டுபோக வேண்டியவற்றுக்கு, கணினி முழுவதையும் கடவுச்சொல்லாற் பூட்டி மறைகுறியாக்க வேண்டும். அப்படிச் செய்தால் கணினி களவு போனாலும் எழுத்துக் களவு போகாது. அந்நியக் கணினியிலே தொலைபேசியைச் செருகி மின்னேற்றும்போது, "இக்கணினியை நம்புகிறீரா?" என்று கேட்டால், இல்லை என்று மறுத்துவிட வேண்டும்.

பாடம் நடந்துகொண்டிருக்கையிலே பரீட்சையும் வந்தது. என் தொலைபேசி ஒலித்தது. ஊரிலே எங்களுக்குப் பால் கொண்டுவருபவர் பேசினார்.

"சேர், கோணேசர் கோயிலிலே நிற்கிறீர்களாமே? நாளைக்கும் பால் வேண்டாந்தானே?"

அரை மணி நேரத்துக்கு முன்னே என் மகள் ஆலய வாசலில் எடுத்த குடும்பப் படத்தை முகநூலிலே இட்டிருந்தாள். எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதைப் பால்காரர் அறிந்தார். அவர் நல்லவர். அறிந்த மற்றையோரும் அவரைப் போன்றவர்களே என்று எப்படிச் சொல்வது? என் பாட்டனார் ஊர்ச் சந்தியிலே சொல்லாது காத்ததை என் மகள் உலகச் சந்தியிலே சொல்லிவிட்டாள். அவளைக் கண்டிக்க எனக்கு அன்று தகுதியில்லை. "படங்களை வீடு திரும்பிய பின் இடுவோம், பிள்ளை, படம் பழுதாகாது" என்று மாத்திரம் கூறினேன். தொலைபேசியில் எடுக்கும் படத்தினுள்ளே எடுத்த இடமும் நேரமும் மறைவாகப் பதிந்திருக்கலாம் என்பதையும், கமராவுக்கு இட அறிதலை நிறுத்திவிட்டால் அது பதியாது என்பதையும் மருமகன் அவளுக்குக் காட்டிக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சென்றோம். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்யும்பொருட்டு உண்டாயின என்று ஐதிகம் கூறும் ஏழு சிறு கிணறுகள் அவை. அருகருகே இருந்தும் ஒன்றின் வெம்மை மற்றொன்றின் வெம்மையன்று. வாளியால் அள்ளித் தலையிலே வார்த்துக்கொண்டபோது அந்த மாணவனின் நினைவே வந்தது. பக்கத்திலே பக்கத்திலே வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள். ஒவ்வொருவனுக்குள்ளும் ஒவ்வொரு வெம்மை. நம்மை நம்பி ஒருவன் தன் கிணற்றின் மூடியைத் திறந்து காட்டினால், அதனை மீண்டும் மூடி வைப்பது யாருடைய கடமை? நாடாளுமன்றம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியிருக்கின்றது. நல்லதே. ஆயினும், என் பைக்குள்ளிருந்த வேலிப் பொட்டை அடைக்க வேண்டியவன் நானேயன்றி வேறெவரும் அல்லர்.

"குற்றமற்றவனுக்கு மறைப்பு எதற்கு?" என்று நான் கேட்டேனல்லவா? அக்கேள்வியின் பிழை எனக்கு அங்கே விளங்கியது. என் மடியிலே இருந்த கனம் முழுவதும் என்னுடையதன்று. வைத்தியர், வழக்கறிஞர், ஆசிரியர், ஏன், பிள்ளைகளைப் பெற்ற தாய் தந்தையர் அனைவருமே பிறருடைய அந்தரங்கத்தைச் சுமந்துகொண்டு பயணஞ் செய்பவர்கள். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்லி, மற்றவனுடைய கதவைத் திறந்துவிட எனக்கு ஏது உரிமை?

கல்லூரி தொடங்கிய முதல் நாளே அந்த மாணவனை அழைத்தேன். சொல்லாது விடலாம், சொல்லாவிட்டால் அவன் ஒருபோதும் அறியப்போவதில்லை என்ற எண்ணம் வழியெல்லாம் என்னோடு வந்தது உண்மை. ஆயினும் நடந்ததை ஒன்றும் விடாமற் சொன்னேன். அவன் சிறிது நேரம் மேசையைப் பார்த்தபடி நின்றான்.

"வாசித்தவர்களா சேர்?" என்று கேட்டான்.

"என்னிடம் வந்தவர் வாசிக்கவில்லை என்றார். மற்றவர்களைப் பற்றி நான் அறியேன், தம்பி."

"கடிதம் இப்போது எங்கே இருக்கிறது?"

கணினியிலிருந்து அழித்துவிட்டதாகக் கூறி, மேசை இலாச்சியைத் திறந்து, அவன் கையெழுத்தில் அமைந்த மூலப் பிரதியை எடுத்து அவனிடமே நீட்டினேன். அதனை வாங்கினான், மடித்தான். சட்டைப்பையில் வைக்கப் போனவன், என்ன நினைத்தானோ, மீண்டும் என் மேசைமேல் வைத்தான்.

"பரிந்துரைக் கடிதம் எழுதி முடியுமட்டும் உங்களிடமே இருக்கட்டும், சேர்" என்றான்.

அது இப்பொழுதும் என் இலாச்சியிலேயே இருக்கிறது. பூட்டி, திறப்பை நானே வைத்திருக்கிறேன்.